எங்க வைக்கப் போறீங்க?

டீ கிளாஸைக்கூட அவள் இரண்டு கையால்தான் வாங்குவாள். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். வாங்கியதும் குடிக்க மாட்டாள். மேசையில் எந்த இடம் காலி என்று முதலில் கண்ணால் தேடிவைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் முதல் வாய்.

"ஆறிப்போயிரும்மா" என்பேன்.

"ஆறினா ஆறட்டும்க்கா. கொட்டினா அள்ளவா முடியும்?" என்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கேயோ பேரன் பேத்தியோடு இருப்பாள், எதற்கு வம்பு. நான் எதையெடுத்தாலும் பயப்படுகிறவள். மியூசியத்தில் அவளை எல்லோரும் 'ட்ரெயினிங் அம்மா' என்றுதான் கூப்பிட்டோம். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்று வருகிறது. என் கடைசித் தங்கச்சி வயசு அவளுக்கு. அதனால் வருகிறது, மரியாதைக் குறைவு இல்லை.

தஞ்சாவூரில் அப்போது ஒரு சின்ன மியூசியம் இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே காவலாளி. மஞ்சக்காமாலையில் அவர் போன பிறகு, கருணை அடிப்படையில் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பெருக்குவது, கதவு திறப்பது, வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து 'தொடாதீங்க, தொடாதீங்க' என்று சொல்வது, இவ்வளவுதான் வேலை. இதற்கே எனக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போவேன். பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு எனக்கு எந்த நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவள் வந்தது கழகத்து ஆட்சி வந்து சில வருஷம் ஆன பிறகு. கீழே கடற்கரைப் பக்கத்து ஊர். வாப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, வடக்கே எங்கேயோ போய் மியூசியத்துக்கென்றே இருக்கிற மேல்படிப்பில் சேர்ந்திருந்தாள். ஏதாவது ஒரு மியூசியத்தில் ஆறு மாதம் இருந்து வேலை பழக வேண்டும். முடிவில் காப்பாட்சியர் 'நன்றாகச் செய்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பையோடு வந்து நின்றாள்.

ஹெட் கிளார்க்குக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. "பொம்மைக்குத் தூசி தட்டறதுக்கு மேல்படிப்பாம்மா?" என்றார்.

"தட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் சார் படிப்பு" என்றாள். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.

முதல் வாரத்திலேயே எனக்கும் பாடம் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்ப் பானையை மாற்றி வைக்கலாம் என்று கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். "அக்கா, நில்லுங்க" என்றாள். நின்றேன்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"ஜன்னலண்ட."

"அங்க என்ன இருக்கு?"

போய்ப் பார்த்தேன். விளக்குமாறும் என் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன.

"பாத்தீங்களா? தூக்கிட்டு அங்க போய் நின்னுட்டு, காலால தள்ளுவீங்க. அப்பதான் விழும். இறக்கற எடத்தக் காலி பண்ணிட்டு வந்து அப்பறம் எடுங்க."

இதுதான் அவளுடைய வேதம். எடுப்பதற்கு முன்னால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பொருள். சிலையைக் கையைப் பிடித்தோ தோளைப் பிடித்தோ தூக்கக் கூடாது. ஒரு கை பீடத்துக்கு அடியில், ஒரு கை முதுகில், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. தூக்கிக்கொண்டு போகும்போது பேசக் கூடாது. முன்னால் ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டே போக வேண்டும். அந்த முன்னால் போகிற ஆள் எப்போதும் நான்தான்.

சிலைக்கு மட்டும் என்றால் சரி. ஆஸ்பத்திரித் திண்டாட்டத்தில் ஒரு தடவை என் சின்னப் பெண்ணை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல், அனல். அப்போதும் ஒரு நொடி திரும்பிப் பெஞ்சில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கைக்குப் போனதும் பிள்ளை அழுகையை நிறுத்தியது. அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், சிங்கப்பூரில் கடை என்றாள். "நல்ல எடம்தானே, சரின்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"எடுக்க வர்றாங்கக்கா. எங்க வைப்பாங்கன்னு கேட்டா பதில் வரமாட்டேங்குது."

ஆயுத பூஜைக்கு எங்கள் மியூசியத்தில் ஒரு வழக்கம். ராத்திரிக் காவலாளி, தோட்டக்காரர், நான் எல்லோரும் சேர்ந்து கூடத்துச் சாமிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து விடுவோம். எத்தனையோ காலம் கோயிலில் இருந்த தெய்வங்கள், வருஷத்தில் ஒரு நாளாவது பொட்டு வேண்டாமா? அன்று காலையில் கிண்ணத்தோடு போனால் அவள் கூடத்து வாசலில் நிற்கிறாள். போச்சு, ஒரு சண்டை இருக்கிறது என்று நினைத்தேன். கிண்ணத்தை இரண்டு கையால் வாங்கினாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, அம்மனின் நெற்றி எங்கே வருகிறதோ அந்த நேருக்குக் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினாள்.

"இங்க வைங்கக்கா. சந்தனம் வெண்கலத்துல பட்டா அரிச்சுரும். கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது."

வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் அம்மன் நெற்றியிலேயே இருந்தது. அந்த வருஷம் முழுக்க வந்தவர்களெல்லாம் அந்தப் பொட்டுக்கு நேராகக் குனிந்து நின்று கும்பிட்டார்கள்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அவள் வந்த அந்தக் கோடையில்தான், திருவையாற்றுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாய்க்கால் தூர் வாரும்போது ஒரு அம்மன் சிலை கிடைத்தது. முழத்துக்கும் குறைவான உயரம், ஆனால் நல்ல கனம். சேறு சுமந்த அஞ்சலை என்கிற பெண்ணின் காலில்தான் முதலில் தட்டுப்பட்டது. அந்த நிலத்திலேயே தகராறு. உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலம், எங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சேரி ஜனங்கள் கொடி நட்டிருந்தார்கள். இல்லை, என் பட்டா என்று மிராசுதார் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின அறுப்பில் அங்கே மண்டை உடைந்திருந்தது. சிலையைச் சேரி ஜனங்கள் சங்கக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, போலீசிடம் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தார் மியூசியத்துக்கு ஆள் அனுப்பினார். காப்பாட்சியருக்கு ரத்தக்கொதிப்பு. "ட்ரெயினிங்தானே, போய்ப் பழகு" என்று அவளை அனுப்பினார். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று துணைக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் நான் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

கொட்டகையில் தார்ப்பாயின்மேல் அம்மன் நின்றது. அதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வலப் பக்கம் பொன் மாதிரி பளபள. இடப் பக்கம் பச்சை.

"பாசி புடிச்சுக் கெடந்துச்சும்மா" என்றாள் அஞ்சலை. "பாதி தேய்க்கறதுக்குள்ள போலீசு வந்துட்டாங்க."

சிலையில் ஈரத்துணி பட்டாலே என்னை உலுக்கிவிடுகிறவள், "நல்லாக் குளிப்பாட்டியிருக்கீங்க" என்றாள்.

பிறகு ஜீப்பில் வரும்போது, "அந்தப் பச்சைதான் அதனோட தோல்க்கா. இனி வராது" என்றாள். பின்னே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வேற என்னக்கா சொல்றது, அவங்க தேச்சது பிரியத்துல" என்றாள்.

மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு நின்றிருந்தார். "எங்க நெலத்துல கெடச்சது. எங்க ஊர்க் கோயில்ல வைக்கறதுதான் முறை" என்றார்.

"கோயில்ல வச்சா நாங்க எங்க நின்னு பாக்கறதுங்க?" என்றாள் அஞ்சலை. "தெருமொனையிலயா?"

"சட்டம் வந்துருச்சே, உள்ள வாயேன். யாரு வேணாங்கறா?"

"போன மாசம் வந்த எந் தம்பிக்கு நடந்தத ஊரே பாத்துச்சு."

காரியக்காரர் பேச்சை மாற்றினார். "அது கெடக்கட்டும். எடுக்க வந்திருக்கறது யாருன்னு பாத்தியா? சாயபு வீட்டுப் பொண்ணு."

"நாங்களே தொட்டாச்சு. அதுக்கு மேல யாரு தொட்டா என்னங்க" என்றாள் அஞ்சலை. கொட்டகையே சிரித்தது. தாசில்தார்கூடச் சிரித்துவிட்டு, பிறகு இருமினார்.

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலை அவளிடம் நேராகக் கேட்டாள்.

"ஒங்க எடத்துல எங்களப் பாக்க விடுவாங்களா?"

"டிக்கெட் வாங்கினா யாரும் பாக்கலாம்மா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொங்கலுக்கு வாங்க. நானே காட்டறேன்."

அஞ்சலை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து சிலையை எடுத்தாள். இவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் முன்னால் போய் ஜீப் கதவைத் திறந்தேன். வைக்கோல் பரப்பிய பெட்டி தயாராக இருந்தது. ஜீப்பில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அப்புறம் எங்கே என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. ஆனால் எனக்கு உறுத்தாதது எது.

ஆடி பிறப்பதற்குள் மிராசுதார் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடிகிற வரை சிலையைப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அம்மன் ஸ்டோர் ரூமுக்குப் போனது. ஜன்னல் இல்லாத அறை, ஒரு பல்பு, அதுவும் பாதி நாள் எரியாது.

அவள் விடவில்லை. காப்பாட்சியரிடம் போய்ப் போய் நின்றாள். தாசில்தார் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், அங்கே உட்கார், இங்கே நில். நானும் சில தடவை கூடப் போனேன். மர பெஞ்சில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்போம். மின்விசிறி சுற்றும். கூப்பிட்டு, "நீங்க யாரும்மா?" என்பார்கள். ட்ரெயினிங் என்பாள். "உங்க ஆபீசர வரச் சொல்லுங்க" என்பார்கள். திரும்பி வருவோம். ட்ரெயினிங் காலத்தை நீட்டித்தரக் கேட்டு எழுதிப்போட்டு, பொங்கல் வரைக்கும் வாங்கிக்கொண்டாள். "பொங்கலுக்குள்ள ஆயிரும்க்கா" என்று ஐப்பசி வரை சொன்னாள். கார்த்திகையில் சொல்வதை நிறுத்திவிட்டாள். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. டீயை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோவாள்.

இதற்குள் கூடத்தில் தச்சரை வைத்து ஒரு பீடம் செய்து வைத்திருந்தாள். உத்தரவு வந்த அன்றே தூக்கி வைக்கலாம் என்று. இறக்குகிற இடத்தை முதலில் காலி பண்ண வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கு. உத்தரவு வரவில்லை. சாமிகள் வரிசையில் அந்தப் பீடம் மட்டும் காலியாக நின்றது. வருகிறவர்கள் அதற்கும் காசு போட்டார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். தினமும் காலையில் நான் துடைப்பேன்.

"ஒண்ணுமில்லாத எடத்தக் கும்பிடறாங்களேம்மா" என்றேன் ஒரு நாள்.

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி மிச்சக் குங்குமத்தைத் துடைத்தாள்.

அவளுக்குப் பட்டம் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் காப்பாட்சியர், 'பொருளைக் கையாளும் திறன் நன்று, அலுவலக ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை' என்கிற மாதிரி எழுதிவிட்டார் என்று ஹெட் கிளார்க் சொன்னார். போகிற அன்று என் வீட்டுக்கு வந்தாள். பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு வேலை போகவில்லை. மெமோ வந்தது, ஒரு சம்பள உயர்வு நின்றது, அவ்வளவுதான். இதற்காக நான் செத்துச் செத்துப் பிழைத்ததை நினைத்தால் இப்போது அலுப்பாக இருக்கிறது. மிராசுதார் போய்ச் சேர்ந்தார். வழக்கு போய்ச் சேரவில்லை. அவர் மகன் நடத்தினான். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அம்மன் உள்ளேதான் இருந்தது.

இதெல்லாம் காணும் பொங்கலன்று நடந்ததற்குப் பிறகு. கடைசியாக அதைச் சொல்லிவிடுகிறேன்.

காணும் பொங்கலுக்கு மியூசியத்தில் திருவிழாக் கூட்டம் வரும். வயல்வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான். காப்பாட்சியர் லீவு. மத்தியான வெயிலில் அஞ்சலை வந்தாள். கூட ஒரு பஸ் கூட்டம், கையில் கரும்பு, இடுப்பில் பிள்ளைகள். எல்லோரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். டிக்கெட்டைத் தாலிக்கயிறு மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார்கள். காலிப் பீடத்தைத் தாண்டிப் போனார்கள். பிறகு அஞ்சலை என் ஸ்டூலுக்கு வந்தாள்.

"எங்கம்மாவ எங்க வச்சிருக்கீங்க?"

அதற்குள் ட்ரெயினிங் அம்மாவே வந்துவிட்டாள். வழக்கு, உத்தரவு, கோர்ட்டு என்று சொன்னாள். அஞ்சலை கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நெலத்துக்கும் இதேதாம்மா சொல்றாங்க" என்றாள். "சரி, வந்ததுக்கு மத்ததப் பாத்தாச்சு."

திரும்பினாள். கூட்டமும் திரும்பியது. அப்போது ட்ரெயினிங் அம்மா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஸ்டோர் பெருக்கறதுக்கு ஒங்ககிட்ட இருக்கே சாவி, அத ஸ்டூல் மேல வச்சுட்டு தண்ணி குடிக்கப் போங்க. ஒங்களுக்குத் தெரியாமப் போகட்டும்."

போயிருக்கலாம். ஆனால் பயந்தவளால் தனியாக எங்கே போய் நிற்க முடியும்? தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே என்ன ஆகிறதோ என்று நடுங்குவதைவிடக் கூட நின்று நடுங்கலாம் என்று தோன்றியது. நானே போய் ஸ்டோர் ரூமைத் திறந்தேன்.

அவள் அம்மனை இரண்டு கையில் ஏந்தித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாள். நான் முன்னால் கதவுகளைத் திறந்துகொண்டு போனேன். எங்கேயும் வைக்கவில்லை. வைத்தால்தானே காட்சிக்கு வைத்தது ஆகும்? கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி கரும்பைக் காலடியில் காட்டி எடுத்துக்கொண்டாள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். யாரும் அவசரப்படவில்லை. அவள் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. முந்தானை தலையிலிருந்து நழுவியது, இழுத்துவிட்டுக்கொள்ளக் கை இல்லை. நான் போய் இழுத்துவிட்டேன்.

"குடும்மா. ஒங்க கை போயிரும்" என்றாள் அஞ்சலை.

"ஒரு கை அடியில. ஒரு கை முதுகுல."

"புள்ள தூக்கினவதாம்மா நானும்."

கை மாறியது. அஞ்சலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்மன் முகத்தையே பார்த்தாள். தேய்த்த பாதியைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக் காலிப் பீடம் தெரிந்தது.

"இத இப்ப எங்கம்மா வைக்கறது?"

ட்ரெயினிங் அம்மா பீடத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்க வச்சா நாளைக்கு கோர்ட்டுலேர்ந்து வேற யாராவது வந்து எடுப்பாங்க" என்றாள். "அவங்க எப்படி எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது." பிறகு, "உள்ளயேதாம்மா" என்றாள்.

அஞ்சலையே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் முன்னால் போனேன். பல்பு எரியவில்லை. பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மணை அங்கே அம்மனுக்கென்று இருந்தது, அவள் தைத்தது. அஞ்சலை தடவிப் பார்த்து, அதன்மேல் இறக்கி வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் தேய்த்த பாதி மட்டும் தெரிந்தது. பச்சைப் பாதி இருட்டோடு போய்விட்டது.

"இருட்டா இருக்கேம்மா" என்றாள்.

"ஆமாம்மா."

அவ்வளவுதான் பேசினார்கள். அஞ்சலை வெளியே போனாள். அவளும் போனாள், இரண்டு கையையும் முன்னால் அப்படியே வைத்துக்கொண்டு, எதையோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அன்றைக்குப் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.